ஐம்பத்தாறாவது பதிவு

26 ஆகஸ்ட் 2025, செவ்வாய்

சொட்டு மருந்து நேரம் குறித்து வைக்கத்தான் இந்த டைரியை எடுத்தேன். மருந்துக் கம்பெனிக்காரன் ஜனவரியில் கொடுத்தது. எட்டு மாதமாக அரிசி டிரம் மேல் சும்மா கிடந்தது.

இவருக்கு நேற்று வலது கண்ணில் புரை எடுத்தாயிற்று. இடது கண்ணிலும் முற்றித்தான் இருக்கிறது, அது டிசம்பரில். ஆறு வாரத்துக்கு வாசிக்கக் கூடாது, லேப்டாப் கூடாது, குனியக் கூடாது, தலைக்குத் தண்ணீர் ஊற்றக் கூடாது. டாக்டர் சொல்லி முடிப்பதற்குள் இவர் "போன்?" என்று கேட்டார். "போனும்தான் சார்." இவர் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டுமே! ஊசி போட்டபோதுகூட அப்படிப் போகவில்லை.

சொட்டு: 8, 10, 12, 2, 4, 6. ஆறும் ஆயிற்று.

28 ஆகஸ்ட், வியாழன்

சொட்டு ஆறு வேளை. சிலிண்டர் வரவில்லை. ஏஜென்சிக்காரன் போனை எடுத்தால் அல்லவா திட்டுவதற்கு!

30 ஆகஸ்ட், சனி

கல்யாணமான பிறகு ஒரு வாரம் முழுக்க லீவு போட்டு வீட்டில் இருப்பது இதுதான் முதல் தடவை. ஆஸ்பத்திரி மருந்துக் கவுன்டரில் இருபத்தொன்பது வருஷம் நின்றிருக்கிறேன். நின்றேன் என்றால் நிஜமாகவே நின்றேன். உள்ளே ஸ்டூல் போட்டால் பார்க்க நன்றாக இருக்காது என்று நிர்வாகம் சொல்லிவிட்டது. அந்தப் புண்ணியவான்கள் எல்லாரும் சுழல் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டுதான் சொன்னார்கள். இப்போது இரண்டு காலிலும் நரம்பு சுருண்டு நீலமாகப் புடைத்து நிற்கிறது. ஜூலையில் டாக்டர், "இனியும் நின்னீங்கன்னா புண்ணு வரும்மா, வந்தா லேசுல ஆறாது" என்றார். நான் யோசிக்கவே இல்லை. ஆகஸ்ட் ஒன்றாம் தேதி மூன்று மாத நோட்டீஸ் எழுதிக் கொடுத்துவிட்டுத்தான் வீட்டுக்கு வந்து இவரிடம் சொன்னேன். அக்டோபர் 31 கடைசி நாள். மனசு மாறினால் செப்டம்பர் 30-க்குள் சொல்ல வேண்டுமாம், அதற்குப் பிறகு வேறு ஆள் போட்டுவிடுவார்கள். மாறவா போகிறது!

"நல்லதாப் போச்சு" என்றார் இவர். அன்றைக்கு மட்டும் சாப்பிடவில்லை. வயிறு ஒரு மாதிரி இருக்கிறது என்றார்.

எனக்குப் பென்ஷன் கிடையாது. இருக்கிற தைரியமெல்லாம் சங்கரன்கோவிலில் அம்மா வழியில் வந்த நிலத்தை விற்ற இருபத்திரண்டு லட்சம்தான். 2016-இல் என் பேரில் ஒரு ஃபண்டில் போட்டோம். மாதாமாதம் டிவிடெண்ட் கொடுப்பார்கள், ஆனால் காசு கைக்கு வராது. அந்தக் காசுக்கு மேலும் யூனிட் வாங்கி உள்ளேயே போட்டுவிடுவார்கள். மறுமுதலீடு. "கையில காசு வரல, ஆனா வருமானம் வந்தாச்சு, யூனிட்டும் கூடியாச்சு. இதை எழுதுறதுலதான் எல்லாரும் தப்பு விடுவான்" என்பார் இவர். ஸ்பின்னிங் மில்லில் அக்கவுண்டன்டாக இருந்தவர். கொரோனாவில் மில்லை மூடியதிலிருந்து வீட்டில்தான். லேப்டாப்பில் கணக்கு எழுத ஒரு சாஃப்ட்வேர் வைத்திருக்கிறார், மாதம் தவறாமல் டிவிடெண்டைப் பதிவார், யூனிட் மூன்று தசமம் வரைக்கும்.

சரஸ்வதி பூஜைக்கு லேப்டாப்புக்குச் சந்தனம், குங்குமம் வைத்து, மொத்தத் தொகை இருக்கும் பக்கத்தைப் பிரின்ட் எடுத்து, நாலு மூலையிலும் மஞ்சள் தடவிப் படத்துக்கு முன்னால் வைப்பார். பிறகு எனக்கு வாசித்துக் காட்டுவார். எங்களுக்குப் பிள்ளை இல்லை. "பாத்தியா ஆவுடை, நம்ம பிள்ளை வளந்துட்டான்" என்பார். வருஷத்தில் அந்த ஒரு நாள் எனக்கு அழுகை வரும்.

முதலீட்டில் எனக்குத் தெரிந்த வேலை ஒன்றே ஒன்றுதான். அவர் பென்சிலால் பெருக்கல் குறி போட்டிருக்கும் இடத்தில் எல்லாம் கையெழுத்துப் போட்டுவிட்டு, குறியை ரப்பரால் அழிப்பது.

இப்போது நாற்பத்தைந்து லட்சம் ஆகிவிட்டது. நவம்பரிலிருந்து மறுமுதலீட்டை நிறுத்திவிட்டு டிவிடெண்டைக் காசாக வாங்கிக்கொள்வது என்று திட்டம். மாதம் இருபதாயிரத்துக்கு மேல் வரும். கால் நரம்புக்கு ஆபரேஷன் பண்ணிக்கொண்டு, கொஞ்ச நாள் காலை நீட்டி உட்கார வேண்டும்.

2 செப்டம்பர், செவ்வாய்

காலை ஒன்பதே காலுக்கு டிவியில் பிசினஸ் சேனலைப் போடச் சொன்னார். "கண்ணுக்குத்தானே ரெஸ்டு, காதுக்கா?" என்றார். கறுப்புக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு மூன்றரை மணி வரை அசையாமல் கேட்டார். நடுவில் சொதி வைத்துக் கொடுத்தேன், என்ன சாப்பிட்டார் என்று அவருக்கே தெரியாது. மூன்றரைக்கு டிவியை அணைத்துவிட்டுச் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டார். தலைவலியாம். நாளைக்கு நான் வேலைக்குப் போக வேண்டும், சொட்டு இனி நாலு வேளைதான். ஆஸ்பத்திரி இரண்டு தெரு தள்ளித்தான் இருக்கிறது, மத்தியானம் ஓடி வந்து ஊற்றிவிட்டுப் போகலாம்.

8 செப்டம்பர், திங்கள்

ஃபண்டிலிருந்து மெசேஜ் வந்தது, யூனிட்டுக்குப் பன்னிரண்டு பைசா டிவிடெண்ட். இந்த மாதப் பதிவை என்னைப் போடச் சொன்னார். எனக்கு ஒரே பெருமை. லேப்டாப்பை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். இவர் சொல்லச் சொல்ல அடித்தேன்.

"கைவசம் யூனிட்டு எவ்வளவு காட்டுது?"

"ஒரு லட்சத்துத் தொண்ணூத்தோராயிரத்து அறுநூத்தி அம்பத்தேழு, புள்ளி நாலு ஆறு சைபர்."

"பன்னெண்டு பைசாவால பெருக்கு. இருபத்திரெண்டாயிரத்துச் சொச்சம் வரும். அதை யூனிட்டு விலை இருபத்திமூணு நாப்பதால வகு. வர்றதைப் புது யூனிட்டுன்னு போடு."

"ஸ்டேட்மென்டைப் பாக்க வேண்டாமா? கம்பெனிக்காரன் என்ன போட்டிருக்கான்னு ஒப்பிட்டு..."

"நான் சொல்லுதேன்லா? போடு."

982.859 யூனிட் கூடியது. மொத்தம் 1,92,640.319. நாற்பத்தைந்து லட்சத்து ஏழாயிரத்து எழுநூற்று எண்பத்து மூன்று ரூபாய். "பையன் எப்படி இருக்கான்?" என்று கேட்டார். "நல்லா கொழுகொழுன்னு இருக்கான்" என்றேன். சிரித்தோம்.

கவுன்டரில் ஒரு மருந்தை உள்ளே எடுத்தால் பில்லைப் பார்க்காமல் எழுத மாட்டேன். அது ஒன்றுதான் கொஞ்சம் உறுத்தியது. ஆனால் அவர் எத்தனை வருஷமாகச் செய்கிறவர்.

9 செப்டம்பர், செவ்வாய்

மத்தியானம் சொட்டு ஊற்ற வந்தபோது போனை நீட்டி, "ஏட்டி, இந்த மெசேஜை வாசி" என்றார். ஏதோ 'மார்ஜின் ஷார்ட்ஃபால்', மூன்று மணிக்குள் பணம் கட்டு என்று இங்கிலீஷில் இருந்தது. என்ன இது என்று கேட்டேன். "விளம்பரம். அழிச்சுரு" என்றார். அழித்தேன். சாயங்காலம் மறுபடியும் தலைவலி. செவ்வாய்க்கிழமை ஆனால் இவருக்கு ஏதோ ஆகாது போலிருக்கிறது.

13 செப்டம்பர், சனி

மாவு அரைத்தேன். இவர் தூங்கும்போது, அடுத்த மாதப் பதிவை நானே தனியாகப் போட்டு அசத்தலாம் என்று பழைய பதிவுகளை எடுத்துப் பார்த்தேன். 2020 டிசம்பர் பதிவு நாலு வரியாக இருக்கிறது. டிவிடெண்ட் 17,400. அதில் டிடிஎஸ் வரி 1,740. முத்திரைத் தீர்வை எழுபத்தெட்டு பைசா. மீதி 15,659 ரூபாய் 22 பைசாவுக்குத்தான் யூனிட். எவ்வளவு நறுவிசு பாருங்கள், எழுபத்தெட்டு பைசாவையும் விடவில்லை!

2021 பிப்ரவரியிலிருந்து ஒரே வரி. டிவிடெண்ட் எவ்வளவோ அவ்வளவுக்கும் யூனிட். வரியும் இல்லை, முத்திரைத் தீர்வையும் இல்லை. நான் திங்கட்கிழமை போட்டதும் அப்படித்தான். ஒருவேளை சட்டம் மாறியிருக்கும்.

17 செப்டம்பர், புதன்

ஃபண்ட் ஏஜென்ட் பேச்சிமுத்து கவுன்டருக்கு வந்தார், பிரஷர் மாத்திரை வாங்க. மாதாமாதம் வருகிறவர்தான். பக்கத்தில் பியூலா பில் போட்டுக்கொண்டிருந்தாள்.

"சார் கண்ணு எப்படி இருக்கு மேடம்?"

"தேவலை. உங்ககிட்ட ஒண்ணு கேக்கணும். மறுமுதலீட்டுல இப்பம் வரி பிடிக்கிறது நின்னுட்டோ?"

"யாரு சொன்னா? பிடிச்சிட்டுத்தான் இருக்கான். அது போக மிச்சத்துக்குத்தான் யூனிட்டே." மாத்திரை அட்டையை எண்ணிக்கொண்டே சொன்னார், "ஆனா உங்களுக்கு எதுக்கு மேடம் அந்தக் கவலை? நீங்கதான் மறுமுதலீட்டை நிப்பாட்டி நாலஞ்சு வருசம் ஆச்சே. காசா பேங்குக்குல்லா போகுது. ஃபாரத்துல கையெழுத்துப் போட்டு சார்கிட்ட குடுத்துவிட்டீங்களே."

"ஆமா ஆமா, மறந்தே போச்சு" என்றேன். சிரிக்க வேறு செய்தேன்.

அவர் போன பிறகு ஒரு கிழவருக்குச் சர்க்கரை மாத்திரை ஐந்நூறுக்குப் பதில் ஆயிரம் மில்லிகிராம் எடுத்துவிட்டேன். பியூலா என் கையைப் பிடித்து, "யக்கா, என்ன செய்யுதீங்க?" என்றாள். இருபத்தொன்பது வருஷத்தில் எனக்கு அப்படி நடந்ததே இல்லை.

பேச்சிமுத்துவுக்கு ஆயிரம் கஸ்டமர். யாரையோ நினைத்துக்கொண்டு என்னிடம் சொல்லியிருப்பார்.

18 செப்டம்பர், வியாழன்

இவரிடம் கேட்கவில்லை. கண்ணில் அழுத்தம் கூடக் கூடாது. சொட்டு நாலு வேளை.

20 செப்டம்பர், சனி

அரை நாள் லீவு போட்டு பேங்குக்குப் போனேன். எங்கள் இரண்டு பேர் பேரிலும் உள்ள கணக்கு. பாஸ்புக்கை இவர்தான் வைத்திருப்பார், பீரோவில் வேஷ்டிக்கு அடியில் இருந்தது. கடைசியாகப் பதிந்தது 2021 ஜனவரி. மெஷினில் விட்டேன். அது அடிக்கிறது, அடிக்கிறது, நிறுத்த மாட்டேன் என்கிறது. புத்தகம் தீர்ந்துபோய் கவுன்டரில் இன்னொன்று வாங்கினேன். பின்னால் நின்ற ஆள் பொறுமை போய், "ஏம்மா, நீங்க என்ன மளிகைக் கடையா வச்சிருக்கீங்க?" என்றான்.

வெளியே வந்து வேப்பமரத்தடியில் ஸ்கூட்டர் மேல் உட்கார்ந்து பார்த்தேன். மாதாமாதம் ஃபண்டிலிருந்து டிவிடெண்ட் வருகிறது. பத்து சதவீத வரி போக வருகிறது, அதில் பேச்சிமுத்து சொன்னது சரிதான். அடுத்த நாளே அப்படியே 'புரோக்கிங்' என்று முடிகிற ஒரு பேருக்குப் போய்விடுகிறது. ஐம்பத்தாறு மாதம். ஒரு மாதம்கூட இரண்டு நாள் தங்கவில்லை.

அது மட்டும் என்றால்கூட மனசைத் தேற்றிக்கொண்டிருப்பேன். நடுவில் நாலு பெரிய வரவு இருக்கிறது. ஃபண்டிலிருந்துதான். நாலு லட்சம், ஐந்தரை, ஆறு, ஐந்து எண்பது. அவையும் மறுநாளே போய்விட்டன.

வரும் வழியில் இவர் கேட்ட நாட்டுப் பழம் ஒரு சீப்பு வாங்கினேன். ஏன் வாங்கினேன் என்று தெரியவில்லை.

22 செப்டம்பர், திங்கள்

வண்ணாரப்பேட்டையில் ஃபண்டுக்காரர்களின் ஆபீசில் பான் கார்டைக் காட்டி ஸ்டேட்மென்ட் வாங்கினேன். கவுன்டரில் இருந்த பெண், "இமெயில்ல மாசாமாசம் போகுதே மேடம்" என்றாள். போகும். இவர் இமெயிலுக்கு.

கைவசம் 48,115.204 யூனிட்.

ஒரு லட்சத்துத் தொண்ணூற்று இரண்டாயிரம் எங்கே, இது எங்கே? மெஷின் தப்பு, சாஃப்ட்வேர் தப்பு, என் கூட்டல் தப்பு என்று எல்லாவற்றையும் யோசித்துப் பார்த்துவிட்டேன். மூன்று தடவை கூட்டினேன். கூட்டல் தப்பில்லை.

பழைய ஃபாரங்களின் நகலையும் அந்தப் பெண் காட்டினாள். ஐந்து ஃபாரம்: மறுமுதலீட்டை நிறுத்தச் சொல்லி ஒன்று, யூனிட்டை விற்கச் சொல்லி நாலு. ஐந்திலும் என் கையெழுத்து. குண்டு குண்டாக, 'வே. ஆவுடைநாயகி'. ஒன்றில் பென்சில் குறி சரியாக அழியவில்லை, லேசாகத் தெரிகிறது. நான்தான் சரியாக அழிக்கவில்லை போல.

பியூலாவிடம் மார்ஜின் ஷார்ட்ஃபால் என்றால் என்னவென்று கேட்டேன், யாருக்கோ கேட்பதுபோல. "ஐயோ, அது ஆப்ஷன்ஸ் யக்கா. ஷேர் மார்க்கெட் சூதாட்டம். வாராவாரம் செவ்வாய்க்கிழமை கணக்கு தீப்பாங்க. எங்க அண்ணன் அதுலதான் ஆட்டோவை வித்தான்" என்றாள். பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டு வேறு ஒன்றும் கேட்கவில்லை, டீ வாங்கி வந்து கொடுத்தாள்.

வாழ்நாள் முழுக்க எனக்கு என்ன போதித்தார்! மல்லிகைப் பூவுக்கு ஐம்பது ரூபாய் கொடுத்தால், "அதைப் போட்டிருந்தா ரெண்டு யூனிட்டு" என்பார். "தொடாதே, பொறு, தானா வளரும்" என்பார். நான் பூ வாங்குவதையே விட்டேன். கம்மல் திருகாணி தேய்ந்துபோய் நூல் சுற்றிப் போட்டுக்கொண்டிருக்கிறேன்.

25 செப்டம்பர், வியாழன்

சாயங்காலம் உட்கார்ந்து சாஃப்ட்வேரைச் சரிசெய்யத் தொடங்கினேன். 2021 பிப்ரவரியிலிருந்து போட்ட மறுமுதலீட்டுப் பதிவை ஒவ்வொன்றாக அழிக்க வேண்டும், அதே தேதியில் டிவிடெண்ட், வரி, கைக்கு வந்த காசு என்று போட வேண்டும். யூனிட் கூடக் கூடாது. நாலு விற்பனையையும் அந்தந்தத் தேதியில் எழுத வேண்டும்.

ஒவ்வொரு பொய்யையும் எவ்வளவு நேர்த்தியாகப் பண்ணியிருக்கிறார்! அந்தந்த மாத டிவிடெண்ட் பைசா சரி, அன்றைய விலை சரி, வகுத்து வந்த யூனிட் மூன்று தசமம் சரி. போன மாதப் பொய்யில் கூடிய யூனிட்டுக்கு இந்த மாதம் டிவிடெண்ட், அதற்கும் யூனிட். இல்லாத காசுக்கு வட்டிக்கு வட்டி. வரியை மட்டும் பிடிக்க மறந்துவிட்டார். வரி பிடித்திருந்தால் நான் சாகிற வரைக்கும் கண்டுபிடித்திருக்க மாட்டேன்.

ஹாலில் இருந்து, "என்ன டைப் பண்ணுதே இவ்வளவு நேரமா?" என்று கேட்டார்.

"ஆஸ்பத்திரி ஸ்டாக் ரிஜிஸ்டர்."

நாக்கு கூசியது. ஒரு பொய்க்கே எனக்கு இப்படி இருக்கிறது.

28 செப்டம்பர், ஞாயிறு

முடிந்தது. ஐம்பத்தைந்து அவர் போட்டது. ஐம்பத்தாறாவது நான் போட்டது, என் விரலால், சிரித்துக்கொண்டே. அதைக் கடைசியாக அழித்தேன். அந்த ஒன்றுக்குத்தான் அதிகம் அழுதேன்.

30 செப்டம்பர், செவ்வாய்

ராஜினாமாவைத் திரும்பப் பெறுவதாக எழுதிக் கொடுத்தேன். நிர்வாக அதிகாரி, "என்னம்மா, வீட்டுல உக்கார முடியலையா?" என்று சிரித்தார். "ஆமா சார்" என்றேன். ஒரு ஸ்டூல் மட்டும் போட அனுமதி வேண்டும் என்று கேட்டேன். பார்க்கலாம் என்றார். அடுத்த வாரம் ஒரு பெண் இன்டர்வியூவுக்கு வருவதாக இருந்ததாம், வர வேண்டாம் என்று என் முன்னாலேயே போன் பண்ணிச் சொன்னார். அந்தக் குரலும் என் காதில் விழுந்தது. "சரி சார், பரவால்ல சார்" என்றாள், பாவம்.

மத்தியானம் சொட்டு ஊற்றும்போது இவர் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு, "ஒரு மாசம்தான் ஆவுடை, பெறகு நீ ராணி" என்றார். இன்றைக்குத்தான் கடைசி நாள் என்று இவருக்கு நன்றாகத் தெரியும். நான் காலையில் சொல்லிவிட்டுத்தான் போனேன், "இன்னைக்குள்ள மாத்திச் சொல்லலாமாம், நான் எதுக்கு மாத்தப்போறேன்" என்று. வாயைத் திறப்பார் என்று வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே எவ்வளவு நேரம் நின்றேன்! "குடையை எடுத்துக்கோ" என்றார்.

அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. பணம் போனது போகட்டும். என்னைத் தடுக்காமல் விட்டாரே.

1 அக்டோபர், புதன், சரஸ்வதி பூஜை

சுண்டல், சர்க்கரைப் பொங்கல். லேப்டாப்புக்குச் சந்தனம், குங்குமம். பக்கத்தைப் பிரின்ட் எடுத்து நாலு மூலையிலும் மஞ்சள் தடவினேன். எதையும் விடவில்லை.

சூடம் காட்டி முடித்ததும் இவர் சம்மணம் போட்டு உட்கார்ந்து, "இந்த வருசம் நீ வாசி. பையன் எங்க நிக்கான்?" என்றார்.

"பதினோரு லட்சத்து இருபத்தஞ்சாயிரத்து எண்ணூத்தித் தொண்ணூத்தாறு."

சிரித்தார். "தப்பா வாசிக்கே. நாப்பத்தஞ்சுல்லா."

"யூனிட்டும் வாசிக்கட்டா? நாப்பத்தெட்டாயிரத்து நூத்திப் பதினஞ்சு, புள்ளி ரெண்டு சைபர் நாலு."

கறுப்புக் கண்ணாடி போட்டிருந்ததால் கண் தெரியவில்லை. வாய் மட்டும் தெரிந்தது.

"பேச்சிமுத்து சொன்னானா?"

முதலில் கேட்டது இது. யார் சொன்னது!

"நீங்கதான் சொன்னீங்க. இருபத்தொண்ணு பிப்ரவரியில இருந்து டிடிஎஸ் பிடிக்கவே இல்ல நீங்க. அதுக்கு முன்னால எழுபத்தெட்டு பைசாகூட விடாம எழுதியிருக்கீங்க."

இவர் நெற்றியில் படீரென்று அடித்துக்கொண்டார். "சே! டிடிஎஸ்! அதை விட்டுட்டேன் பாரு" என்றார்.

நான் அவரையே பார்த்துக்கொண்டிருந்தேன். கோபம்கூட உடனே வரவில்லை. கணக்கில் ஒரு தப்பு விட்ட அக்கவுண்டன்ட் எப்படி நொந்துகொள்வாரோ அப்படி நொந்துகொண்டார். அதற்குப் பிறகுதான் அவருக்கு நான் எதிரே உட்கார்ந்திருப்பது உறைத்தது.

"நமக்காகத்தான் பண்ணுனேன் ஆவுடை. மில்லு மூடுனதும் கைகால் முடங்குன மாதிரி ஆயிட்டு. முதல் மாசம் எம்பதாயிரம் வந்துது, தெரியுமா? பெறகு போச்சு. எடுத்துரலாம் எடுத்துரலாம்னு... சாஃப்ட்வேர்ல உள்ளது பொய்யில்ல, அது நான் திருப்பிப் போட வேண்டியது. அதுக்குத்தான் விடாம எழுதிட்டு வந்தேன். இன்னும் ரெண்டு மாசம் குடு."

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

"சொன்னா நீ தாங்க மாட்ட."

"இருவத்தொம்பது வருசமா நிக்கதைத் தாங்குதேன். இதைத் தாங்க மாட்டேனா? சரி, அது கிடக்கட்டும். நேத்து வாசல்ல அவ்வளவு நேரம் நின்னேனே. நேத்தாவது சொல்லக் கூடாதா?"

பிரின்ட் எடுத்த பக்கத்தை இழுத்து, மூலையில் இருந்த மஞ்சளை விரலால் தேய்த்தார்.

"நேத்து ராஜினாமாவை வாபஸ் வாங்கிட்டேன்."

"நல்லதாப் போச்சு" என்றார். ஆகஸ்டில் சொன்ன அதே சொல், அதே குரல். இந்தத் தடவை இரண்டு தட்டு சர்க்கரைப் பொங்கல் சாப்பிட்டார். பசித்திருக்கிறது பாவம்!

2 அக்டோபர், வியாழன்

சொட்டு இரண்டு வேளை.

7 அக்டோபர், செவ்வாய்

ஆறு வாரம் முடிந்தது. சொட்டு நிறுத்தியாயிற்று. டாக்டர் வலது கண் பிரமாதம் என்றார். காலையில் போய்ப் புதுக் கண்ணாடி வாங்கி வந்தோம். இவர் வீட்டுக்கு வந்ததும் காலண்டரின் பொடி எழுத்தை எல்லாம் வாசித்துப் பார்த்தார். ராகுகாலம், எமகண்டம், அச்சடித்தவன் முகவரி வரைக்கும். பிறகு என் காலைப் பார்த்தார். கொஞ்ச நேரம் பார்த்தார். "இவ்வளவு நீலமாவா இருக்கு?" என்றார். ஒரு வருஷமாகவே நீலம்தான்.

நான் இரண்டு ஃபாரம் எடுத்து வந்து மேசை மேல் வைத்தேன். ஒன்று இவருடைய ஆப்ஷன்ஸ் கணக்கை மூடச் சொல்வது. இன்னொன்று பேங்க் கணக்கிலிருந்து இவர் பேரை எடுத்துவிட்டு என் பேரில் மட்டும் வைத்துக்கொள்வது. எல்லாம் நானே பூர்த்தி செய்திருந்தேன். கையெழுத்துப் போட வேண்டிய இடத்தில் எல்லாம் பென்சிலால் பெருக்கல் குறி போட்டிருந்தேன். வேண்டுமென்றுதான் போட்டேன். என்ன இது என்று கேட்பார், கத்துவார், நானும் மூன்று வாரமாக அடக்கி வைத்திருப்பதை எல்லாம் கொட்டிவிடலாம் என்று தயாராகத்தான் நின்றேன்.

கேட்கவில்லை. மூக்கில் புதுக் கண்ணாடி இருந்தது, வெயில் மேசை மேல் விழுந்துகொண்டிருந்தது, எழுத்து ஒவ்வொன்றும் தெரிந்திருக்கும். ஒரு வரி வாசிக்கவில்லை. குறி இருந்த இடத்தைத் தேடித் தேடிக் கையெழுத்துப் போட்டார். ஏழு இடம்.

போட்டு முடித்துவிட்டு மேசை டிராயரில் இருந்து ரப்பரை எடுத்துக் குறிகளை அழிக்கத் தொடங்கினார்.

"அழிக்காதீங்க, அது இருக்கட்டும்" என்றேன்.